கழுதைக்காதுப் பலகை

பழிவாங்குவதற்கு வில்ஃப் ஹோஸ்குட் தோதான ஆள் இல்லை. முதல் காரணம், முழங்கால் வலி. அதைவிடப் பெரிய காரணம், கேக். எதிரியின் வீட்டிலேயே ஆனாலும், யாராவது தேநீரோடு ஒரு துண்டு கேக்கை நீட்டிவிட்டால் அவருடைய கோபத்தில் பாதி போய்விடும். கேக்கில் உலர்திராட்சை கிடந்தால் மீதியும் தள்ளாடும். இது அவருக்கே தெரியும். அதனால்தான் ரூபர்ட் கார்வெல் வீட்டு வேலைக்குப் போன முதல் நாள், வேனிலேயே உட்கார்ந்து வயிறு முட்டத் தின்றுவிட்டு இறங்கினார்.

ஆஷ்கோம்ப் குன்றின் உச்சியில், பிரின்சஸ் வரிசையின் நடுவீடு அது. வரிசையில் எல்லா வீடும் ஒரே உயரம், ஒரே கல். எல்லா வீட்டுக்கும், மேலொன்று கீழொன்றாக இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் மேலும் கீழும் நகரும் பழைய மர ஜன்னல்கள். அவற்றை எல்லோரும் ஒரே மாதிரி சாத்தி, திரைகளை ஒரே அளவுக்கு இறக்கி வைத்திருக்க வேண்டும் என்பது குன்றுப் பாதுகாப்புச் சங்கத்தின் விதி. சங்கத்தின் தலைவர் ரூபர்ட் கார்வெல். வில்ஃப் வெளியே அவரை ‘சார்’ என்பார். மனசுக்குள் ‘அவன்’தான்.

“வாப்பா, உள்ள வா. காலை மிதியடியில தேய்ச்சுட்டு வா,” என்றான் கார்வெல். “முன்பக்க ஜன்னல் அத்தனையும் பார்க்கணும். அடுத்த மாசம் கேடயம் குடுக்கிற குழு வருது. இந்த வட்டாரத்திலேயே நல்லாப் பராமரிச்ச வீடுன்னு இந்தத் தடவை நமக்குத்தான் கிடைக்கணும். உன்னைத்தான் எல்லாரும் சொல்றாங்க. பேர் என்ன சொன்ன?”

“வில்ஃப் ஹோஸ்குட், சார். கீழத்தெரு.”

“ஓ, கீழத்தெருவா,” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வில்ஃப் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது அசையும், கண்ணோரத்தில் ஒரு சின்ன வெட்கமாவது தெரியும் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் இல்லை. மறந்தே போய்விட்டான். ஒருவனை இரண்டு வருஷம் ராத்திரி பகலாக வெறுத்துவிட்டு, அவனுக்கு நம் பேரே தெரியாது என்று கண்டுபிடிப்பது, காதலில் ஏமாறுவதைவிட மோசம்.

நடந்தது இதுதான். ஊரார் மர ஜன்னலையெல்லாம் செப்பனிட்டுக்கொண்டிருந்த வில்ஃபின் சொந்த வீட்டு ஜன்னல்கள், காற்றடித்தால் கரண்டி டிராயர் கவிழ்ந்த மாதிரி சத்தம் போடும். ‘வர்ற ஞாயித்துக்கிழமை சரி பண்றேன்’ என்று கல்யாணமான வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் மனைவி டோரினுக்கு நுரையீரலில் நோய் வந்தது. குளிர் காற்று பட்டாலே மூச்சுக்குத் திணறினாள். வில்ஃப் யோசிக்கவில்லை. ஆளைக் கூப்பிட்டு, ஒரே காலையில் அவள் அறைக்கு ஒரு பிளாஸ்டிக் ஜன்னலைப் பொருத்தச் சொல்லிவிட்டார். அது ஒரு பூசாரி மாட்டிறைச்சிக் கடை திறந்த மாதிரிதான். டோரின் சிரித்துச் சிரித்து இருமினாள். “துரோகி! உன்னைத் தொழிலை விட்டே தள்ளி வைக்கப் போறாங்க. ஆனா கதகதப்பா இருக்குய்யா,” என்றாள்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அந்த ஜன்னலின் படத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினான் கார்வெல். ‘ஜன்னல்காரர் வீட்டு ஜன்னல்’ என்று தலைப்பு வேறு. மண்டபமே சிரித்ததாம். கீழத்தெரு வரைக்கும் சங்கத்தின் விதிதான், பிளாஸ்டிக் ஜன்னலுக்கு அனுமதி இல்லை. அப்புறம் புகார், அப்புறம் ஜன்னலை எடுக்கச் சொல்லி உத்தரவு. வில்ஃப் மழையில் நனைந்துகொண்டு இதே வீட்டு வாசலில் வந்து நின்றார். மனைவிக்கு உடம்பு சரியில்லை, வசந்தம் வரைக்கும் விட்டுவிடுங்கள் என்று கேட்டார்.

“ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்ப்பா,” என்றான் கார்வெல். “மரச்சட்டம் செய்யற வரைக்கும் ஒரு பலகை அடிச்சு மூடிக்கோ. தற்காலிகப் பலகைக்கு அனுமதி வேண்டாம்.” பெரிய சலுகை செய்துவிட்ட முகத்தோடு கதவைச் சாத்தினான்.

சட்டம் செய்ய நல்ல மரம் வர ஆறு வாரம் ஆனது. மரம் வந்தது. வில்ஃப் பாதி அறுத்தார், பாதி இழைத்தார். மீதி நேரமெல்லாம் டோரின் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. படுக்கையிலிருந்து தெருவையும், எதிர்வீட்டுக் குண்டுப் பூனையையும், ஆற்றுப் பாலத்தையும் பார்த்துக்கொண்டே போயிருக்க வேண்டியவள், ஒரு பிளைவுட் பலகையைப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஆனால் டோரின் சும்மா பார்த்துக்கொண்டு கிடக்கிற ஆள் இல்லை. வில்ஃபின் தச்சுப் பென்சிலையும் தன் உதட்டுச் சாயத்தையும் கேட்டு வாங்கினாள். தன்னைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பலகை முழுக்க ஒரு படம் போட்டாள். ஒரு ஜன்னல். அதை மறித்துக்கொண்டு, போக்குவரத்து போலீஸ் மாதிரி ஒரு கையை மேலேயும் ஒரு கையைக் கீழேயும் நீட்டி நிற்கும் ஒரு பெரிய மனிதர். தலையில் இரண்டு சிவப்புக் கழுதைக்காது. கீழே ‘திரு. கார்வெல்’ என்று கொட்டை எழுத்தில் பேர்.

“ஒரு நாள் இதை அவன் வீட்டு ஜன்னல்ல மாட்டணும்,” என்றாள். “நீ மாட்டுவே. மாட்டலைன்னா ராத்திரி வந்து காலைப் பிடிச்சு இழுப்பேன். அந்த நொண்டிக் காலை.”

பலகை இன்னும் அந்த அறையில்தான் இருந்தது. பாதிச் சட்டம் பட்டறையில் துணி மூடிக் கிடந்தது. வில்ஃப் அந்த அறைக்குள் தேவையில்லாமல் போவதில்லை.

*

“அழுகி நாறுற மீனைத் தூக்கி ஜன்னல் பெட்டிக்குள்ள போட்டுடு கண்ணு,” என்று யோசனை சொன்னாள் மதுக்கடை மாஜ். அந்த வட்டாரத்தில் எல்லோரும் எல்லோரையும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார்கள்; கடன் கேட்டு வந்தவனையும் அப்படித்தான். “ஒரே வாரத்தில வீட்டை வித்துட்டு ஓடுவான்.”

“வீட்டுக்காரம்மாவும் அங்கதானே இருக்காங்க. அவங்க மூக்கு என்ன பாவம் பண்ணுச்சு?”

“அப்போ அவனை ரெண்டு அறை விடு.”

“எனக்கு எட்டாது. அவன் உயரம்.”

“நீ பழிவாங்கப் போறியா, இல்லை அவனுக்குப் பெண் பார்க்கப் போறியா?” என்று கிளாஸைத் துடைத்தாள் மாஜ். “டோரின் இருந்திருந்தா இந்நேரம் அவன் வீடு எரிஞ்சிருக்கும்.”

வில்ஃப் மனசில் டோரினின் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கை மேலே. ஒரு கை கீழே. ஒரு மனிதன் எதற்காக ஜன்னல் முன்னால் அப்படி நிற்பான்? சட்டென்று கிளாஸைக் கீழே வைத்தார். தொழில் தெரிந்தவனுக்குத்தான் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்.

*

முதலில் மாடி அறை. கார்வெலின் மனைவி இசோபெலுடைய அறை. விரல்கள் வாதத்தில் கோணிப்போய், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிற அம்மாள். ஜன்னலின் இடுக்கெல்லாம் பெயின்ட் படை படையாக இறுகி, ஒட்டிக்கொண்டு பல வருஷமாகியிருந்தது.

“திறக்கிறதே இல்லையா மேடம்?”

“மேடம் வேண்டாம், இசோபெல்னு சொல்லுங்க. திறக்கக் கூடாது. வரிசை கெட்டுப் போயிடுமாம்.” அவள் சிரித்தாள். “நான் முன்னாடி இந்த ஜன்னல்ல தலையை நீட்டி ரொட்டிக்காரனோட சண்டை போடுவேன்.”

வில்ஃப் ஒட்டுப் பெயின்டைக் கத்தியால் கீறி, உள்பக்க ஓரப் பட்டையை நெம்பி எடுத்து, கீழ்ச்சட்டத்தைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வெளியே வைத்தார். பக்கப் பெட்டியின் சின்ன மூடியைத் திறந்து, உள்ளே தொங்கும் இரும்புக் குண்டுகளை எடுத்தார். வேலை செய்யும்போது வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடியாது. சட்டத்தோடும் கப்பியோடும் பேசுவார். ஆள் இருந்தால் ஆளோடும் பேசுவார்.

“இந்தக் குண்டுதான் எல்லாமே பாருங்க. கயித்துல ஒரு பக்கம் சட்டம், ஒரு பக்கம் குண்டு. மேல்சட்டத்துக்குக் குண்டு கொஞ்சம் கனமா இருக்கணும், அப்பத்தான் அது மேலேயே நிக்கும். கீழ்ச்சட்டத்துக்குக் கொஞ்சம் லேசா இருக்கணும், அப்பத்தான் கீழேயே உக்காரும். புருஷன் பொண்டாட்டி மாதிரி. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாத்தான் குடித்தனம் நடக்கும்.”

“இங்கே எது கனம்னு உங்களுக்கே தெரியும்,” என்றாள் இசோபெல். அப்புறம் கேக் கொண்டுவந்தாள். திராட்சை போட்டது. வில்ஃப் கண்ணை மூடிக்கொண்டு டோரினை நினைத்தார். கேக்கைத் தின்றார். கோபம் தாங்கியது. அவருக்கே ஆச்சரியம்.

அந்த ஜன்னலை ஒழுங்காக முடித்தார். அழுகின மரத்தை வெட்டி எடுத்துப் புது மரம் ஒட்டினார், பழைய நெளிநெளிக் கண்ணாடியை உடையாமல் திரும்பப் பொருத்தினார், கண்ணாடி ஓரத்தில் ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த பட்டிப் பசையைக் கட்டைவிரலால் இழுத்து விட்டார். அப்புறம் கீழே கூடத்துக்கு இறங்கினார். விருந்தாளிகளை உட்காரவைக்கும் பெரிய கூடம். நடு ஜன்னல் ஆளைவிட உயரம்.

கூடத்து நடு ஜன்னலின் குண்டுகளை வில்ஃப் மாற்றிப் போட்டார். கனமானது கீழ்ச்சட்டத்துக்கு. இலேசானது மேல்சட்டத்துக்கு. போதாதென்று, கீழ்ச்சட்டக் குண்டோடு ஒரு ஈயத் துண்டையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார். நடுவில் பித்தளைக் கொக்கி போட்டிருக்கும் வரைக்கும் ஜன்னல் சாதுவாக இருக்கும். கொக்கியை விட்டால் கீழ்ச்சட்டம் மேலே ஏறும், மேல்சட்டம் கீழே இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று முகம் கொடுத்துப் பார்க்காமல் நடுவழியில் கடந்து போகும். தடுக்க வேண்டுமென்றால் ஒருவன் ஒரு கையால் மேல்சட்டத்தை ஏந்தி, இன்னொரு கையால் கீழ்ச்சட்டத்தை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். கொக்கியைத் திரும்பப் போட மூன்றாவது கை வேண்டும்.

“அது தப்புதானே?” என்றது ஒரு குரல்.

இசோபெல் வாசலில் நின்றாள். கையில் கேக் தட்டு.

“எது மேடம்?”

“கனமானது மேலேன்னீங்க. இப்போ கீழே கட்டுறீங்க. கம்பி போட்டு வேற கட்டுறீங்க.”

வாயாடியின் வாய் ஒரு நாள் அவனையே மாட்டிவிடும் என்று டோரின் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! வில்ஃபுக்குப் பொய் வரவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். பிளாஸ்டிக் ஜன்னல், மழை, பலகை, டோரின். கழுதைக்காதைக்கூட விடவில்லை.

இசோபெல் உள்ளே வந்து அவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்புறம், “அந்தக் கூட்டத்தில நானும் இருந்தேன்,” என்றாள்.

“சிரிச்சீங்களா?”

“சாண்ட்விச் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க... நானும் சிரிச்சிருப்பேன். யார் வீடு, ஏன்னு ஒண்ணும் கேக்கலை.”

வில்ஃப் அவள் நீட்டிய கேக்கை வாங்கிப் பக்கத்தில் தரையில் வைத்தார். தின்னவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

“போய்ச் சொல்லுங்க உங்க வீட்டுக்காரர்கிட்ட,” என்றார். “நான் என் உளியை எடுத்துட்டுப் போறேன்.”

“சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு செய்யணும்.”

இதுதான் விஷயமா என்று நினைத்தார் வில்ஃப். கணவனுக்கேற்ற மனைவி.

“என் ஜன்னலுக்கும் கீழ்ச்சட்டத்துல கனமாப் போட்டுடுங்க,” என்றாள் இசோபெல். “நீங்க என்னதான் சரி பண்ணாலும் இந்த விரலால அதைத் தூக்க முடியலை. கொக்கியைத் தட்டிவிட மட்டும் முடியும். மிச்சம் அதுவாத் தூக்கிக்கட்டும்.”

“சிரிச்சவங்களுக்கு நான் எதுக்கும்மா செய்யணும்?”

“எனக்காகச் செய்ய வேண்டாம். அவருக்கு எதிராச் செய்யுங்க.”

வில்ஃப் அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் கேக்கை எடுத்துக் கடித்தார்.

“நீங்க எங்க டோரினைச் சந்திச்சிருக்கணும்,” என்றார் வாய் நிறைய. “ரெண்டு பேரும் சேர்ந்தா இந்தக் குன்றே தாங்கியிருக்காது.”

வேலை முடிந்து கிளம்பும்போது கார்வெலிடம் பயபக்தியோடு சொன்னார்: “பெயின்ட் நல்லா இறுகணும் சார். குழு வர்ற வரைக்கும் கொக்கியைத் தொடாதீங்க. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நீங்களே உங்க கையால திறந்து காட்டுங்க. ஒரு விரல் போதும்.”

“ஒரு விரலா?” என்று மகிழ்ந்தான் கார்வெல்.

*

குழு வரும் நாள் காலையில் வில்ஃப் டோரினின் அறைக்குள் போனார். திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசித் திருகாணி விட்டதும் பலகை அவர் மார்பில் சாய்ந்தது. வெளிச்சம் அவர் முதுகுக்குப் பின்னால் கட்டில்மேல் விழுந்தது. குண்டுப் பூனை எதிர்வீட்டுச் சுவரில் உட்கார்ந்து அவரையே பார்த்தது. இன்னும் குண்டாகியிருந்தது. பலகையை இறுக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு பலகையை வேனில் ஏற்றினார்.

பிரின்சஸ் வரிசைக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது குழு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. வரிசையில் அத்தனை வீட்டு ஜன்னலும் சாத்தியிருக்க, நடுவீட்டு மாடியில் ஒன்றே ஒன்று உச்சிவரை திறந்திருந்தது. இசோபெல் இடுப்புவரை வெளியே சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

“வாங்க, வாங்க!” என்று குழுத் தலைவி திருமதி ஆட்லியைப் பார்த்துக் கையாட்டினாள். “மேலேயிருந்து பார்த்தா உங்க தொப்பி ரொம்ப நல்லா இருக்கு!”

“இசோபெல், மூடு அதை!” என்று பல்லைக் கடித்தான் கார்வெல்.

“முடியலைங்க. அதுவாத் திறந்துக்குது.”

அவன் அசட்டுச் சிரிப்போடு எல்லோரையும் கூடத்துக்குள் அழைத்துப் போனான். வில்ஃப் பின்னாலேயே போய் வாசற்படியோரம் நின்றுகொண்டார். கார்வெல் தொண்டையைச் செருமி, பாரம்பரியம் என்று ஆரம்பித்தான். பொறுப்பு என்றான். ஒழுக்கம் என்றான். “ஒரு விரல் போதும், பாருங்கள்,” என்று கொக்கியைத் திருப்பினான்.

கீழ்ச்சட்டம் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஏறியது. மேல்சட்டம் ராஜகம்பீரமாக இறங்கியது. கார்வெல் கீழ்ச்சட்டத்தைப் பாய்ந்து பிடித்து அழுத்தினான். மேல்சட்டம் அவன் தலையை நோக்கி வந்தது. அதை மறுகையால் ஏந்தினான். ஏந்திய இடத்தில் நின்றான். ஒரு கை மேலே, ஒரு கை கீழே. வெளிக் காற்று உள்ளே புகுந்து அவனுடைய நாலு முடியையும் நட்டுக்குத்தாக நிறுத்தியது.

யாரோ முதலில் இருமினார்கள். திருமதி ஆட்லி தேநீர்க் கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டார். அப்புறம் கூடமே சிரித்தது.

“ஏம்ப்பா! ஜன்னல்காரா! நிக்கிறியே, வா!” என்று கத்தினான் கார்வெல்.

“வந்துட்டேன் சார். அசையாமப் பிடிச்சுக்கோங்க. விட்டீங்கன்னா கண்ணாடி போயிடும். பழைய கண்ணாடி, திரும்பக் கிடைக்காது.”

வில்ஃப் நிதானமாக வேனுக்குப் போனார். முழங்கால் வலிக்கு ஏற்ற நிதானம். பலகையோடு திரும்பி வந்து, கார்வெலுக்குப் பக்கத்தில், படம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சுவரில் சாய்த்து வைத்தார். ஜன்னலை மறிக்கும் மனிதன், மேலே ஒரு கை, கீழே ஒரு கை, சிவப்புக் காது இரண்டு. பக்கத்தில் அசல்.

சிரிப்பு ஒரு கணம் நின்றது. பிறகு வந்த சிரிப்புக்கு முந்தையது ஒன்றுமே இல்லை.

“என்ன இது? யார் இது?”

“பலகை சார். இந்தச் சட்டத்தைக் கழட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோகணும். மரம் வர ஆறு வாரமாகும். அதுவரைக்கும் இதை அடிச்சு மூடிக்கலாம். தற்காலிகப் பலகைக்கு அனுமதி வேண்டாம்.”

“யார் சொன்னது?”

“நீங்கதான் சார் சொன்னீங்க. இதே வாசல்ல. மழை பெய்ஞ்சுக்கிட்டிருந்துச்சு. என் பொண்டாட்டி சட்டம் முடியற வரைக்கும் இருக்கலை. இந்தப் பலகையைப் பார்த்துக்கிட்டேதான் போனா. படம் அவ போட்டதுதான்.”

திருமதி ஆட்லி கோப்பையைக் கீழே வைத்தார். இந்தத் தடவை இருமல்கூட இல்லை.

கார்வெல் புருவத்தைச் சுருக்கினான். உண்மையாகவே யோசித்தான். “நானா? எப்போ சொன்னேன்?”

அந்த ஒரு கேள்வியில், வில்ஃப் இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வசவுகள் அத்தனையும் வாய்க்கு வந்து, ஒன்றுகூட இவனுக்குப் போதாது என்று திரும்பிப் போயின.

“எப்போன்னு நான் சொல்றேன் ரூபர்ட்,” என்றாள் இசோபெல். படியிறங்கி வந்து வாசலில் நின்றாள். கோணின விரல்களுக்கு நடுவே கைபேசியைப் பிடித்திருந்தாள். “முதல்ல கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க. அடுத்த கூட்டத்துல திரையில போடணும். தலைப்புகூட யோசிச்சு வச்சிருக்கேன்.”

படம் எடுத்தாள். காது இரண்டும் விழுந்ததா என்று சரிபார்த்துவிட்டு இன்னொன்றும் எடுத்தாள்.

வில்ஃப் சட்டங்களைக் கழற்றினார், பலகையை உள்பக்கம் படம் தெரியும்படி வைத்துத் திருகினார். டோரின் போட்ட காதுமேல் ஒரு திருகாணிகூடப் படாமல் பார்த்துக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. திருமதி ஆட்லி மட்டும் வெளியே போகும்போது அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

*

வீட்டில் டோரினின் அறை ஜன்னல் ஓட்டையாக இருந்தது. சாயங்காலக் காற்று கட்டில் விரிப்பை வந்து வந்து தூக்கிப் பார்த்தது. வில்ஃப் கார்வெல் வீட்டுச் சட்டங்களைப் பட்டறையின் ஒரு மூலையில் சாய்த்து வைத்தார். அவற்றுக்கு மரமே தேவையில்லை. குண்டுகளை மாற்றிக் கட்டினால் அரை மணி நேர வேலை.

அவர் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மறுமூலையில் துணி மூடிக் கிடந்த பாதிச் சட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். தூசியை ஊதினார். இழைப்புளியைத் தீட்டினார்.

“வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுடறேன்,” என்றார், யாரும் கேட்காமலே.

கார்வெல் ஆறு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும். மரம் கொஞ்சம் தாமதமாகக்கூட வரலாம்.